இப்ப கத்துதா அம்மா?

இன்டர்நெட் அப்போதெல்லாம் ஜன்னல் வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தது. தெருமுனைக் கம்பத்திலிருந்து எதிர்வீட்டு மொட்டை மாடிக்கும், அங்கிருந்து வேப்பமரத்தை உரசிக்கொண்டு எங்கள் வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கும் வந்து, மழைநீர்க் குழாயோடு ஒட்டி இறங்கி, ஜன்னல் கம்பிக்கு நடுவே நுழைந்து, டிவிக்குப் பின்னால் ஒரு ஸ்ப்ளிட்டரில் இரண்டாகப் பிரியும் அந்தக் கறுப்பு ஒயரை அந்தக் காலத்துச் சென்னைவாசிகள் யாரும் மறந்திருக்க முடியாது. ஒரு கிளை சீரியல் பார்ப்பவர்களுக்கு, இன்னொன்று மோடத்துக்கு. அது 2003. செப்டம்பர் 1 முதல் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் வேண்டும் என்று நாட்டிலேயே சென்னையில் மட்டும் நடைமுறைக்கு வந்து, தெருவெல்லாம் அதே பேச்சாக இருந்த ஆண்டு. டிவியில் சேனல் குறைந்துகொண்டிருந்த அதே ஒயரில், எங்கள் அறைக்குள் உலகம் வந்து சேர்ந்துகொண்டிருந்தது.

அதற்கு முன்னால் டயல்-அப். போன் லைனைப் பிடித்துக்கொண்டு மோடம் போடும் அந்தக் கீச்சொலியும் கரகரப்பும், நடுவில் யாராவது ரிசீவரை எடுத்துவிட்டால் அறுந்துபோகும் இணைப்பும், "போனை வச்சுத் தொலைடா, அத்தை கூப்பிடுவா" என்ற குரலும் உங்கள் வீட்டிலும் கேட்டிருக்கும். வேகம் அதிகபட்சம் 56 கிலோபிட், அதுவும் காகிதத்தில். அப்படியிருந்தவர்களுக்கு, போனைத் தொடாமல், நாள் முழுக்க அணையாமல் இருக்கும் ஓர் இணைப்பு என்பது நம்ப முடியாத வசதி. கேபிள்காரத் தம்பி தோளில் ஒயர்ச் சுருளும் கையில் மோடமுமாக மாடியேறி வந்த மாலையில் வீட்டில் எல்லோரும் அவரைச் சுற்றி நின்றோம். அம்மா காபி கொடுத்தாள்.

மோடத்துக்குப் பின்பக்கம் கணினிக்காக இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று ஈதர்நெட், இன்னொன்று யுஎஸ்பி. என் கணினி ரிச்சி தெருவில் பாகம் பாகமாக வாங்கிப் பூட்டியது. அதில் நெட்வொர்க் கார்டு கிடையாது, அன்று பல வீட்டுக் கணினிகளில் கிடையாது. அதனால் தம்பி யுஎஸ்பி ஒயரைச் செருகினார், ஒரு சிடியைப் போட்டார், விண்டோஸில் நாலைந்து இடத்தில் 'நெக்ஸ்ட்' அழுத்தினார், பக்கம் திறந்தது. நான் கணினியை மறுபடி கிளப்பி லினக்ஸுக்குள் போனதும் அவர் முகம் மாறியது.

"சார், இது என்ன சார்?"

"லினக்ஸ், தம்பி. இதுல எப்படிப் போடறது?"

"இதெல்லாம் நம்ம சப்போர்ட்ல வராது சார். விண்டோஸ்ல ஓடுதுல்ல, அவ்ளோதான்."

அவரைக் குறை சொல்ல இடமில்லை. அவருக்குக் கொடுத்திருந்த சிடியில் விண்டோஸுக்கு மட்டும்தான் டிரைவர். ஆனால் மூன்று சிடிகளில் ரெட் ஹாட் லினக்ஸ் 9-ஐ நிறுவி வைத்திருந்த ஓர் இளைஞனுக்கு "அவ்ளோதான்" என்ற சொல் போதாது. காசு கொடுத்து வாங்காத, உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்து படிக்கக்கூடிய, உலகத்தில் யார் யாரோ ராத்திரி கண்விழித்து எழுதிப் பகிர்ந்த ஒரு இயங்குதளம் நம் மேஜையில் ஓடுகிறது என்பது அந்த வயதில் எனக்குப் பெரிய பெருமை. அதிலிருந்து இணையத்துக்குப் போக முடியாவிட்டால் அந்தப் பெருமை பாதிதான். விண்டோஸில் இறக்கி, சிடியில் எழுதி, லினக்ஸுக்குக் கொண்டுவருவது அடுத்த தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கிற கதை.

அந்த நாளில் இணையம் வேலை செய்யாவிட்டால் அதற்கான விடையும் இணையத்தில்தான் இருந்தது. அதனால் பிரவுசிங் சென்டருக்கு நடக்கவேண்டும். ப்ளைவுட் தடுப்புகளுக்கு நடுவே மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்து, லினக்ஸ் ஆவணத் திட்டத்தின் 'ஹௌ-டூ' பக்கங்களைத் தேடி, பக்கத்துக்கு இவ்வளவு என்று அச்செடுத்து, முடிந்ததை 1.44 எம்பி ஃப்ளாப்பியில் போட்டு, வீட்டுக்கு வரும் வழியில் அந்தக் காகிதங்களை ஒருமுறை படித்துவிடுவோம். இன்று திரையில் ஓடவிட்டுத் தள்ளுவதை அன்று ஓரத்தில் பேனாவால் குறித்து, சந்தேகம் வந்த இடத்தில் கேள்விக்குறி போட்டுப் படித்தோம். அப்படிப் படித்தது இன்றுவரை மறக்கவில்லை. காசு கொடுத்து எடுத்த காகிதம் என்பதாலா, அதை விட்டால் வேறு வழியில்லை என்பதாலா, தெரியவில்லை. ஆனால் அந்த வாசிப்புக்கு ஈடாக இன்று என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்தக் காகிதங்கள் சொன்னது ஒரே ஒரு பெரிய விஷயம்: இணைப்பு என்பது ஒரு பொருள் அல்ல, ஒன்றின்மேல் ஒன்றாக நிற்கும் பல படிகள். எந்தப் படி உடைந்திருக்கிறது என்று கீழேயிருந்து தொடங்கிப் பார். முதலில் ஒயர். பிறகு கருவி தெரிகிறதா. தெரிந்தால் அதற்கான டிரைவர் ஏறியிருக்கிறதா. ஏறியிருந்தால் முகவரி கிடைத்ததா. கிடைத்திருந்தால் வெளியே போக வழி இருக்கிறதா. வழி இருந்தால் பெயரைச் சொன்னால் எண்ணாக மாற்றித் தர ஆள் இருக்கிறதா. இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

கறுப்புத் திரையில் 'எல்எஸ்யுஎஸ்பி' என்று அடித்தால் யுஎஸ்பியில் செருகியிருப்பவை வரிசையாக வரும். மோடம் அங்கே இருந்தது. 'டிமெசேஜ்' என்று அடித்தால் கணினியின் கர்னல், அதாவது இயங்குதளத்தின் மையம், இதுவரை என்னென்ன பார்த்தது என்று அதுவே எழுதிவைத்த குறிப்பு ஓடும். 2.4 வரிசைக் கர்னலில் இந்த மோடங்களுக்கான டிரைவரின் பெயர் 'சிடிசி-ஈதர்'. யுஎஸ்பி கம்பிக்குள் ஈதர்நெட் பேச்சை எப்படி அனுப்புவது என்பதற்கு ஒரு பொதுத் தரம் இருந்தது. அதைப் பின்பற்றும் மோடம் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் தனி சிடி தேவையில்லை, இந்த ஒரே டிரைவர் போதும். மோட்டோரோலாவின் சர்ஃப்போர்டு வரிசையில் யுஎஸ்பி வாசல் இருந்த மோடங்கள் பல இப்படித்தான் லினக்ஸில் ஓடின. 'மோட்ப்ரோப்' கட்டளையால் அந்த டிரைவரை ஏற்றியபோது கர்னல் ஒரு வரி எழுதியது. டிரைவரின் பெயர், பதிப்பு எண், அதற்குப் பக்கத்தில் எழுதியவர் யார் என்பது: பிராட் ஹார்ட்ஸ், கூட இன்னொருவர். அந்த இன்னொருவர் பெயரில்லை. ஒரு மென்பொருளுக்குள்ளிருந்து மனிதர்கள் எட்டிப் பார்ப்பதை அன்றுதான் முதலில் கண்டேன். பெயர் சொல்லாமல் நின்ற அந்த இன்னொருவரை இப்போதும் நினைத்துக்கொள்வேன்.

டிரைவர் ஏறியது. முகவரிதான் வரவில்லை. 'டிஎச்-கிளையண்ட்' என்ற நிரல் 255.255.255.255 என்ற முகவரிக்கு, அதாவது அந்தக் கம்பியில் இருக்கும் எல்லோருக்கும், "எனக்கு முகவரி தருவார் யாராவது உண்டா" என்று கேட்கும். கேட்டதைத் திரையில் ஒரு வரியாக எழுதும், அடுத்து எத்தனை நொடி பொறுத்துக் கேட்கப்போகிறது என்பதையும் சேர்த்து. பதில் இல்லை. மறுபடி ஒரு வரி. மறுபடி இல்லை. கடைசியில், எவரும் முகவரி தரவில்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும், ஆகவே ஒயரில் பழுதில்லை. விண்டோஸுக்குப் போனால் அதே மோடம், அதே ஒயர், இணைப்பு உடனே வந்துவிடும். லினக்ஸ் என்றால் மட்டும் மௌனம்.

இதற்கு விடை எனக்குக் காகிதத்தில் கிடைக்கவில்லை, மனிதர்களிடம் கிடைத்தது. சென்னையில் லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ஐஐடி வளாகத்தில் கூடுவார்கள். 1998-லேயே தொடங்கிய குழு. ஆலமரமும் மானும் தாண்டி அந்த அறைக்குப் போனால் கல்லூரி மாணவர், வங்கி ஊழியர், பேராசிரியர், சின்னக் கடை வைத்திருப்பவர் எல்லாரும் ஒரே வரிசை நாற்காலிகளில் இருப்பார்கள். பேச்சு முடிந்து வெளியே வந்து மரத்தடியில் நிற்கும்போதுதான் உண்மையான கூட்டம் தொடங்கும். அங்கே என்னைவிடச் சில வயது மூத்த ஒருவரிடம் கதையைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "விண்டோஸ்லேர்ந்து லினக்ஸுக்குப் போகும்போது மோடத்தை அணைச்சீங்களா?"

"இல்லண்ணே. கம்ப்யூட்டரை மட்டும்தான் ரீபூட் பண்றேன்."

"ரெண்டுலயும் யுஎஸ்பிதானா?"

"விண்டோஸ்ல யுஎஸ்பி பாதியில நின்னுபோவுதுன்னு ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கிப் போட்டிருக்கேண்ணே. லினக்ஸ்ல அந்தக் கார்டைச் சோதிக்கலை, யுஎஸ்பியிலேயே பார்த்துட்டிருக்கேன்."

அவர் சிரித்தார். விஷயம் இதுதான். நெட்வொர்க்கில் பேசும் ஒவ்வொரு வாசலுக்கும் பிறப்பிலேயே ஒரு எண் உண்டு, மேக் அட்ரஸ் என்பார்கள். கார்டுக்கு ஒன்று, யுஎஸ்பி வழிக்கு வேறொன்று. கேபிள் மோடம் மின்சாரம் வந்து எழுந்ததும், கேபிள்காரர் தலைமையகத்திலிருந்து ஒரு சிறிய அமைப்புக் கோப்பை இறக்கிக்கொள்ளும். எவ்வளவு வேகம், எத்தனை கணினிகள் என்பதெல்லாம் அதில் இருக்கும். வீட்டு இணைப்புகளில் அந்த எண்ணிக்கை பெரும்பாலும் ஒன்று. முதலில் யார் பேசினாரோ அவருடைய எண்ணை மோடம் நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்து வேறு எண்ணோடு யார் வந்தாலும் கண்டுகொள்ளாது. மின்சாரத்தைப் பிடுங்கினால்தான் மறக்கும். "கரண்டைப் பிடுங்கிட்டு ஒரு காபி குடிச்சுட்டு வாங்க, அப்புறம் லினக்ஸ்ல கேளுங்க, வரும்" என்றார்.

அன்று மாலை அப்படியே செய்தேன். மோடத்தின் முன்பக்க விளக்குகளின் வரிசையை அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் 'ரிசீவ்' மினுக்கும்: டிவிச் சேனல்களுக்கு நடுவே தனக்கான அலைவரிசை எங்கே என்று தேடுகிறது. கிடைத்ததும் நிலைத்து எரியும். பிறகு 'செண்ட்' மினுக்கும்: தன் குரல் மறுமுனைக்குக் கேட்க எவ்வளவு சத்தம் வேண்டும் என்று அளந்துபார்க்கிறது. அதுவும் நிலைத்தபின் 'ஆன்லைன்' மினுக்கி, கோப்பு இறங்கி, பதிவாகி, அசையாமல் நிற்கும். 1997-இல் கேபிள்லேப்ஸ் வெளியிட்ட டாக்சிஸ் தரத்தில் எழுதியிருக்கும் சடங்கு அவ்வளவும் அந்தச் சிறு விளக்குகளில் கண்ணுக்கு முன்னால் நடந்தது. டிஎச்-கிளையண்டை ஓட்டினேன். கேட்டது ஒரு வரி, பதில் ஒரு வரி, ஒப்புக்கொண்டது ஒரு வரி, கடைசியில் முகவரி, அதை எத்தனை நொடி கழித்துப் புதுப்பிக்கவேண்டும் என்ற கணக்கோடு. அந்த வரியைப் பார்த்தபோது வந்த சந்தோஷம், பிறகு எத்தனையோ பெரிய வேலைகளை முடித்தபோதும் அவ்வளவு தூய்மையாக வந்ததில்லை.

மழைக்காலம் வந்தபோது அடுத்த பாடம். வடகிழக்குப் பருவமழையில் மாடியிலுள்ள கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கிவிடும். டிவியில் புள்ளி விழும், மோடம் மினுக்க ஆரம்பிக்கும். இதற்கும் ஒரு கண்ணாடி இருந்தது: பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் மோடமே தன் நிலையைக் காட்டும் ஒரு பக்கம் திறக்கும். உள்ளே வரும் சிக்னலின் பலம் மைனஸ் 15-க்கும் ப்ளஸ் 15-க்கும் நடுவில் இருக்கவேண்டும், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. வெளியே அனுப்பும் பலம் 50-ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், தன் குரல் மறுமுனைக்குக் கேட்கவில்லை என்று மோடம் தவிக்கிறது என்று பொருள். மேலே போகும் பேச்சுக்கு ஒதுக்கியிருப்பது கீழ் அலைவரிசை. 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பிய முறையில் 65 வரை. மோட்டாரும் வெல்டிங்கும் கிளப்பும் இரைச்சல் எல்லாம் தளர்ந்த கனெக்டர் வழியாக நுழைந்து சேரும் இடம் அதுதான். தெருவில் ஒரு வீட்டு ஜாயின்ட் கெட்டால் தெருவே தடுமாறும் என்பது கேபிள் இணையத்தின் இயல்பு.

கனெக்டரைத் திருகுவதற்கு மாடிக்குப் போகவேண்டும், பலனைப் பார்க்கக் கீழே வரவேண்டும். கைபேசி எல்லார் கையிலும் வராத காலம். லினக்ஸின் 'பிங்' கட்டளைக்கு ஒரு சின்ன வசதி உண்டு: 'மைனஸ் ஏ' என்று சேர்த்தால் ஒவ்வொரு பதில் வரும்போதும் கணினி ஒரு 'பீப்' போடும். விண்டோஸ் பிங் சாதாரணமாக நாலு தடவை கேட்டுவிட்டு நின்றுவிடும். லினக்ஸ் நாம் நிறுத்தச் சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருக்கும். அதை ஓடவிட்டு, கணினி அறைக் கதவைத் திறந்துவைத்து, அம்மாவை மாடிப்படி அடியில் நிற்கச் சொல்லிவிட்டு மேலே ஏறுவேன். பழைய இன்சுலேஷன் டேப்பைப் பிரித்து, செம்புக் கம்பியின் முனையில் பச்சை பூத்திருந்தால் அந்த அளவு நறுக்கி, பிளேடால் மேல்தோலைச் சீவி, வலையைப் பின்னுக்கு மடக்கி, கனெக்டரை மாட்டித் திருகிவிட்டு, கைப்பிடிச் சுவரில் குனிந்து கேட்பேன்.

"இப்ப கத்துதா அம்மா?"

"இல்லடா!"

இன்னும் கால் திருகு.

"இப்ப?"

"விட்டு விட்டுக் கத்துது!"

இன்னும் கொஞ்சம்.

"கத்துதுடா! இப்ப நல்லாக் கத்துது!"

கீழே அந்த 'பீப்' நொடிக்கு ஒன்றாகச் சீராக வந்துகொண்டிருக்கும். அம்மாவுக்கு பிங் தெரியாது, கர்னல் தெரியாது. ஆனால் சீராக வந்தால் மகனின் வேலை நடக்கும், விட்டு விட்டு வந்தால் நடக்காது என்பது தெரியும். எங்கள் வீட்டில் நெட்வொர்க் பழுது பார்ப்பதில் என்னைவிடக் கூர்மையான காது அவளுடையது. அந்த மாடிப்படிப் பேச்சு போனதுதான் எனக்கு நிஜமான இழப்பாகத் தெரிகிறது.

இன்னொன்றும் அந்த நாளில் கற்றது. முகவரி இருக்கும், பிங் போகும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. "நெட் போச்சு" என்று அலுத்துக்கொள்வார்கள். போனது நெட் அல்ல, பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வர். 'ரிசால்வ் டாட் கான்ஃப்' என்ற கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். கூகுளின் 8.8.8.8 வந்தது 2009 டிசம்பரில். அதற்கு முன்னால் 4.2.2.2 என்ற எண்ணை நண்பர்கள் வாய்மொழியாகவே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததெல்லாம் போய்விட்டது, இது மட்டும் இருக்கிறது. யாராவது "மச்சி, நெட் வரலைடா" என்று போன் செய்தால், "எண்ணைப் போட்டா பிங் போகுதா, பேரைப் போட்டா போகுதா?" என்று கேட்போம். அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும்.

பிறகு காலம் வேகமாக நகர்ந்தது. 2004-இல் மத்திய அரசின் பிராட்பேண்ட் கொள்கை 256 கிலோபிட்டை அகலப்பட்டை என்று வரையறுத்தது. 2005 ஜனவரியில் பிஎஸ்என்எல்லின் இணைப்பு வந்தபோது அதற்காக வரிசையில் நின்றோம். சில திட்டங்களில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 மணிவரை கணக்கில்லாமல் இறக்கலாம் என்றதும், அலாரம் வைத்து எழுந்து லினக்ஸ் சிடிகளை இறக்கத் தொடங்கிவிட்டுப் படுத்தவர்கள் ஒரு தலைமுறையே உண்டு. உபுண்டுக்காரர்கள் கேட்டவர்களுக்கெல்லாம் சிடியை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். வெளிநாட்டுத் தபால்தலையோடு வந்த அந்தக் கவரைத் தபால்காரர் இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். அடுத்தடுத்த பதிப்புகளில் மோடத்தைச் செருகினால் லினக்ஸ் தானே கண்டுகொண்டது. வைஃபை வந்தது, ஃபைபர் வந்தது. யுஎஸ்பி மோடம் என்ற பொருளே பரண்மேல் போய்விட்டது.

இப்போது எங்கள் வீட்டுச் சுவரில் வெள்ளைப் பெட்டி ஒன்று இருக்கிறது. அன்று நாங்கள் கனவுகூடக் காணாத வேகம். அம்மா அதில் பேரனோடு முகம் பார்த்துப் பேசுகிறாள், கையில் இருக்கும் போனைப் பயன்படுத்த அவளுக்கு ஒரு கட்டளையும் தெரியவேண்டியதில்லை. இந்த வசதிக்கு நான் நன்றியுள்ளவன். மழை நாளில் யாரையும் மொட்டை மாடிக்கு அனுப்பவேண்டாம் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் அந்தப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தால் செய்யக்கூடியது ஒன்றுதான்: செயலியைத் திறந்து, "சரிபார்க்கிறோம், காத்திருங்கள்" என்ற வாசகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது. பெட்டியின் உள்பக்கத்துக்குப் போகக் கடவுச்சொல் கேட்கிறது, அது நமக்குத் தருவதில்லை. வாடிக்கையாளர் எண்ணில் பேசும் குரல் பெட்டியை அணைத்துப் போடச் சொல்கிறது. அன்று மரத்தடியில் அந்த அண்ணன் சொன்னதும் அதேதான். ஆனால் அவர் ஏன் என்றும் சொன்னார்.

போன மாதம் மகள் விடுமுறைக்கு வந்திருந்தபோது இணைப்பு அறுந்தது. அவள் மடிக்கணினியில் உபுண்டு. அலட்டிக்கொள்ளாமல் போனை யுஎஸ்பி ஒயரில் செருகி, 'டெதரிங்' என்று ஒரு பொத்தானைத் தள்ளினாள், சில நொடியில் வேலையைத் தொடர்ந்தாள். எனக்குக் கை பரபரத்தது. "ஒரு நிமிஷம் கொடும்மா" என்று டெர்மினலைத் திறந்து டிமெசேஜ் அடித்தேன். அவள் போனைக் கர்னல் கண்டுகொண்ட வரிகள் அங்கே இருந்தன. 'ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட்' என்ற டிரைவர் ஏறியிருந்தது. ஈத்0, ஈத்1 என்று நாங்கள் கூப்பிட்ட வாசலுக்கு இப்போது மேக் எண்ணையே சேர்த்து நீளமாகப் பெயர் வைக்கிறார்கள். ஆனால் கதை அதேதான்: யுஎஸ்பி கம்பிக்குள் நெட்வொர்க் பேச்சு.

"அப்பா, இது எதுக்கு? அதான் வந்துடுச்சே."

"வந்துடுச்சும்மா. யாரால வந்துச்சுன்னு பாரு."

'மாட்இன்ஃபோ' என்று அடித்து அந்த டிரைவரின் பெயரைக் கொடுத்தேன். எழுதியவர்: டேவிட் பிரௌனல். அது எந்த டிரைவர்களை நம்பி நிற்கிறது என்று அதே பட்டியலில் இருக்கும். 'சிடிசி ஈதர்', அதன் கீழே 'யுஎஸ்பிநெட்'. அவற்றுக்கும் அதே கட்டளை. அங்கும் டேவிட் பிரௌனல். 2.6 வரிசைக் கர்னலில் பழைய சிடிசி-ஈதர் டிரைவர் விலகி, இவருடைய யுஎஸ்பிநெட் குடும்பம் அந்த இடத்துக்கு வந்தது. லினக்ஸின் யுஎஸ்பி பகுதியில் அவர் கை படாத இடம் குறைவு. 2011-இல் அவர் காலமானார். அவர் எழுதிய வரிகள்மேல்தான் இன்றும் உலகமெங்கும் ஹாஸ்டல்களிலும் ரயில்களிலும் போனைச் செருகிய பிள்ளைகள் லினக்ஸில் இணையத்துக்குப் போகிறார்கள். அவருடைய பெயரை அந்த லினக்ஸ் கணினிகளெல்லாம் வைத்திருக்கின்றன, கேட்டால் சொல்லும்; யாரும் கேட்பதில்லை.

மகள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளாகவே வைஃபை டிரைவரின் பெயரைக் கொடுத்துப் பார்த்தாள், அடுத்து ஒலிக்கு, அடுத்து கேமராவுக்கு. ஒவ்வொன்றுக்கும் பெயர்கள் வந்தன. "இவ்ளோ பேரா?" என்றாள். அன்று நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட உட்கார வெகு நேரமாகியது.

பழைய தொல்லை திரும்பி வரவேண்டும் என்று நான் கேட்கவில்லை. டிஎச்-கிளையண்டின் பதிலுக்காக ஒரு தலைமுறை காத்திருந்தது போதும், இன்னொரு தலைமுறை காத்திருக்கவேண்டாம். நான் கேட்பது வேறு. அன்றைய இணைப்பு உடைந்தால் எங்கே உடைந்தது என்று நமக்குச் சொன்னது. நாம் படிக்கக்கூடிய மொழியில், ஒவ்வொரு படியாக. அது தயாரிப்பாளர் போனால் போகிறது என்று கொடுத்த சலுகை அல்ல, பயன்படுத்துபவரின் உரிமை. நம் வீட்டுச் சுவரில், நம் காசில் ஓடும் பெட்டி தன் சிக்னல் பலத்தை நம்மிடமிருந்து மறைப்பதை முன்னேற்றம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

உங்கள் வீட்டில் ஒரு லினக்ஸ் கணினி இருந்தால், இணைப்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், வீட்டுப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து டெர்மினலைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி, டிமெசேஜ், பிங் மூன்றையும் அடித்துக் காட்டுங்கள். என்ன வருகிறது என்று சேர்ந்து படியுங்கள். புதிய இணைப்புக்குப் பணம் கட்டும்போது பெட்டியின் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்குங்கள். தரமாட்டோம் என்றால், ஏன் என்று எழுத்தில் கேளுங்கள்.